வாவி பற்றிய ஆய்வை வாவிக்கரை மக்களுக்காகத் தமிழில் எழுதுவது: ஆலோசனை வேண்டுகிறேன்

வாவிநீர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

கிழக்கு மாகாணத்தில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் நீர் இரசாயனம் கற்பிக்கும் சிரேஷ்ட விரிவுரையாளர் நான். மட்டக்களப்பு வாவியின் நீர்த்தரமே என் ஆய்வுத்துறை. இதுவரை நான் எழுதியவை யாவும் ஆங்கில ஆய்வுச் சஞ்சிகைகளிலேயே வெளிவந்தன. இனி என் பெயரில் சொந்தமாக ஒரு வலைப்பதிவைத் தொடங்கி, அந்த ஆய்வுகளில் கண்டவற்றைப் பொதுமக்கள் வாசிக்கக்கூடிய தமிழில் எழுதுவதெனத் தீர்மானித்துள்ளேன். எழுதுவதா வேண்டாமா என்ற கேள்வி என்னிடம் இல்லை. எதை எழுதலாம், எதைத் தவிர்க்க வேண்டும், யாரைக் கேட்டு எழுத வேண்டும் என்பவற்றில்தான் உங்கள் ஆலோசனையை நாடுகிறேன்.

தீர்மானத்துக்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வடக்கே பங்குடாவெளியில் இருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவியைக் கரையில் நின்றுகொண்டு எவரும் ஆய்வு செய்ய முடியாது. தோணி தருபவர் மீனவர். எங்கே சேறு ஆழம், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் நீர் கலங்கும், எந்த மாதத்தில் இறால் எங்கே கூடும் என்று சொல்லித் தருபவரும் அவரே. மாதிரி எடுக்கும் இடங்களைக்கூட அவர்களுடைய சொல்லைக் கேட்டுத்தான் தெரிவு செய்கிறோம். கட்டுரை வெளிவரும்போது அவர்களுடைய பங்கு நன்றியுரையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வரியும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டுரையோ பல வேளைகளில் பணம் செலுத்தினாலன்றித் திறக்காத தளத்தில் இருக்கிறது. தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெற்றுச் செய்த ஆய்வின் முடிவு, பதில் சொன்னவரிடம் தமிழில் திரும்பிச் செல்லாதிருப்பது நியாயம் அன்று.

வாவியில் மீன்கள் இறந்து மிதக்கும் சம்பவங்கள் இடைக்கிடை நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். அப்படி ஒரு காலை விடிந்தால், நண்பகலுக்கு முன்பே ‘வாவியில் நஞ்சு கலந்துவிட்டது’ என்ற செய்தி கைபேசிகளில் பரவிவிடும். அன்று சந்தையில் கடல்மீனையும் வாங்க ஆள் இருக்காது. இத்தகைய நாள்களில் ஊடகங்கள் என்னைப் போன்றவர்களிடம் கருத்துக் கேட்பது உண்டு. நாங்கள் நீண்ட நேரம் விளக்குவோம். வெளியில் வருவது ஒரு வரி. அந்த ஒரு வரியும் சில வேளைகளில் நாங்கள் சொன்னதற்கு மாறான பொருளைத் தந்துவிடுகிறது. விளக்கம் முழுமையாக, என் கையொப்பத்துடன், எவரும் எந்த நேரத்திலும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஓரிடத்தில் முன்கூட்டியே இருந்தால் அன்றைய நாளின் போக்கு வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இதற்காக நேரம் ஒதுக்கவும், வரும் விமர்சனங்களுக்குப் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன். இந்தத் தளத்தில் ஆசிரியர்கள், விவசாயிகள், கடற்றொழில் செய்பவர்கள், பல்கலைக்கழகத்தவர் எனப் பலரும் இருப்பதால் இங்கு கேட்பதே பொருத்தம் என எண்ணினேன்.

---

ஒலுவில் வாசகர்

மெடம் அவர்களுக்கு, உங்கள் தீர்மானத்தை முழுமனதுடன் வரவேற்கிறேன். நானும் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவன். சமூகவியல் என் துறை.

முதலில் நடைமுறைச் சிக்கல் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பதவி உயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் உலகளாவிய சுட்டிகளில் சேர்க்கப்பட்ட சஞ்சிகைக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு, பொதுமக்களுக்காகத் தமிழில் எழுதும் நீண்ட கட்டுரைக்குக் கிடைக்காது. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க உத்தேசித்திருந்தால் இந்த எழுத்துக்குச் செலவாகும் மாலைகள் அந்த விண்ணப்பத்தில் இருந்து கழிபவை. இதை அறிந்துதான் தீர்மானித்திருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். ஆனால், இளம் விரிவுரையாளர் ஒருவர் இந்த இழையை வாசித்து உங்களைப் பின்பற்ற எண்ணினால், அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குள்ள பெரிய கவலை வேறு. நீங்கள் நீரை ஆராய்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தகவல் தருபவர்கள் மனிதர்கள். ஆங்கிலச் சஞ்சிகையில் ‘தென்பகுதியின் ஒரு மாதிரி இடத்தில் நண்டின் அடர்த்தி கூடுதலாகக் காணப்பட்டது’ என்று எழுதினால் அதனால் எவருக்கும் தீங்கு இல்லை, ஏனெனில் வாவியில் தொழில் செய்யும் எவரும் அதை வாசிக்கப் போவதில்லை. அதே வாக்கியத்தை ஊரின் பெயருடன் தமிழில் எழுதினால் அடுத்த வாரமே பிற இடங்களில் இருந்து வலைகள் அங்கே இறங்கும். உங்களை நம்பி அந்த இடத்தைக் காட்டியவருடைய பிழைப்பை நீங்களே பகிரங்கப்படுத்தியவர் ஆவீர்கள். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையை (ஒற்றை நைலோன் இழையாலான வலையை) பற்றி எழுதும்போதும் இப்படித்தான். ஒரு குறிப்பிட்ட கிராமத்தின் பெயரைச் சொன்னால் அந்தக் கிராமம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படும். வாசகர் இல்லாத மொழியில் எழுதும்போது நாங்கள் சிந்திக்க வேண்டிய தேவை இல்லாதிருந்த பொறுப்புகள் யாவும், வாசகர் உள்ள மொழியில் எழுதத் தொடங்கியதும் ஒன்றாக வந்து சேரும்.

ஆகவே, ஒவ்வொரு கட்டுரையையும் வெளியிடுவதற்கு முன்னர், அதில் பேசப்படும் இடத்தைச் சேர்ந்த ஒருவராவது வாசித்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். சஞ்சிகைகளில் துறைசார்ந்தோர் மதிப்பிடுவதைப் போலவே இதுவும் ஒரு மதிப்பீடுதான். மதிப்பிடுபவர் மட்டும் வேறு ஆள்.

---

படுவான்கரை ஆசிரியர்

மிஸ், நான் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். எனக்கு இந்தச் செய்தி மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது.

எங்கள் மாணவர்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை விங்கிளர் முறையால் துணியும் (அளவறியும்) பரிசோதனையைப் படிக்கிறார்கள். சமன்பாடுகளை வரிசை தவறாமல் எழுதுவார்கள், கணிப்பையும் செய்வார்கள். ஆனால் அந்தப் பரிசோதனை எதற்காக, எங்கே, எந்த நீரில் செய்யப்படுகிறது என்று கேட்டால் பதில் வராது. இவ்வளவுக்கும் அவர்களில் சிலர் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலான படகுப் பாதையில் நாள்தோறும் இதே வாவியைக் கடந்து வருபவர்கள். மாரிக்குப் பின் நீர் பழுப்பாக மாறுவதையும், வெயில் காலத்தில் சில இடங்களில் பச்சை பிடிப்பதையும் கண்ணால் பார்ப்பவர்கள். அந்த நிறத்துக்கும் புத்தகத்தில் உள்ள சமன்பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துச் சொல்ல எங்கள் ஊரின் தரவுகளுடன் தமிழில் எழுதப்பட்ட பக்கம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

உயர்தரம் வரை தமிழில் விஞ்ஞானம் படித்த பிள்ளை, பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தொடங்குகிறது. அதுவரை படித்த தமிழ் அதற்குப் பிறகு ஆய்வுக்குப் பயன்படாத ஒன்றாகிவிடுகிறது. விரிவுரையாளர் ஒருவர் தன் ஆய்வைத் தமிழிலும் எழுதினால், அந்தப் பிள்ளை தான் படித்த மொழியில் ஆய்வும் செய்யப்படுகிறது என்பதைக் காணும்.

என் வேண்டுகோள் இதுதான்: விங்கிளர் முறையை வாவியின் உண்மை மாதிரியைக் கொண்டு ஒரு கட்டுரையாக எழுதித் தாருங்கள். வகுப்பில் பயன்படுத்துவேன்.

---

வாவிநீர்

ஆசிரியர் கேட்டதை இங்கேயே சுருக்கமாக எழுதிப் பார்க்கிறேன். என் கட்டுரைகள் எந்த நடையில் இருக்கும் என்பதற்கும் இது மாதிரியாக அமையும். புரியாத இடத்தைத் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள்.

கரைந்துள்ள ஒட்சிசனை அளப்பதற்கு ஏற்ற நேரம் விடியலுக்குச் சற்று முந்திய பொழுது. பகலில் நீரில் உள்ள அல்காக்களும் (பாசிகளும்) நீர்த்தாவரங்களும் ஒளித்தொகுப்பால் ஒட்சிசனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போலவே அதை உட்கொள்கின்றன. இரவு முழுவதும் எடுத்தல் மட்டும் நடந்து கொடுத்தல் நடைபெறாததால், சூரியன் உதிக்கும் முன் ஒட்சிசன் மிகக் குறைந்த அளவில் இருக்கும். நீர் பச்சையாகும் அளவுக்கு அல்கா பெருகியிருந்தால் இந்த வீழ்ச்சி மிக ஆழமானது. முந்திய நாள் மப்பும் மந்தாரமுமாக இருந்து காற்றும் வீசாதிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தோணியில் இருந்தபடியே, காற்றுக்குமிழி சிறிதும் அகப்படாதவாறு கண்ணாடிப் போத்தலில் நீரை நிரப்புகிறோம். அதில் மங்கனீசு சல்பேற்றுக் கரைசலையும் கார அயடைட்டுக் கரைசலையும் சேர்த்து, மூடி, சில முறை தலைகீழாகக் கவிழ்க்கிறோம். நீரில் ஒட்சிசன் நிறைய இருந்தால் போத்தலுக்குள் கடும் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு தோன்றி மெல்ல அடியில் இறங்கும். ஒட்சிசன் இல்லையென்றால் வீழ்படிவு வெள்ளையாகவே இருக்கும். ஆய்வுகூடத்துக்கு வந்து அமிலம் சேர்த்து, வெளிப்படும் அயடீனைச் சோடியம் தயோசல்பேற்றுடன் நியமிப்புச் செய்யும்போதுதான் (அளவறிந்த அந்தக் கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளக்கும்போதுதான்) சரியான எண் கிடைக்கிறது. ஆனால் அந்த நிறத்தைப் பார்த்த அளவிலேயே எங்களுக்குத் தோணி தந்தவர், ‘இது வெளிறிப் போய்க் கிடக்கிறதே, இந்தப் பக்கம்தானே போன தடவையும் மீன் செத்தது’ என்று சொன்னார். ஹங்கேரிய இரசாயனவியலாளர் லாயோஸ் விங்கிளர் 1888 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையின் பெறுபேற்றை, அந்த முறையைப் பற்றி எதுவும் கேள்விப்பட்டிராத ஒருவர் தன் தொழிலனுபவத்தைக் கொண்டு சரியாக வாசித்தார். நான் யாருக்காக எழுத விரும்புகிறேன் என்பது அந்தத் தோணியில்தான் எனக்குத் தெளிவாயிற்று.

30 பாகை செல்சியசில் நன்னீர் அதிகபட்சமாக லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கி நிற்கும். உவர்ப்பு ஏற ஏற அந்த அளவு குறையும். நீரில் உள்ள ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது பல மீனினங்கள் மூச்சுத் திணறி மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஒட்சிசன் குறைவால் நிகழும் இறப்பில் பெரிய மீன்களே பெரும்பாலும் முதலில் மடிகின்றன. விரால் போன்று காற்றைச் சுவாசிக்கக்கூடியவை தப்பிவிடுகின்றன. இறப்பு விடியற்காலையில் நிகழ்கிறது. நஞ்சால் நிகழும் இறப்பு இப்படி நேரம் பார்ப்பதில்லை, காற்றைச் சுவாசிப்பவையும் அதில் மடியலாம். ஆகவே, மீன்கள் மிதக்கும் காலையில் முதலில் பார்க்க வேண்டியவை எந்த நேரத்தில், எந்த மீன், எந்த அளவு மீன் என்பவையே. இவற்றைக் கரையில் நிற்கும் எவரும் பார்த்துக் குறித்து வைக்கலாம். காரணத்தை உறுதிப்படுத்த ஆய்வுகூடப் பரிசோதனை தேவைதான். ஆனால் இந்தக் குறிப்பு இல்லாமல் பரிசோதனை செய்பவர் பாதி இருட்டில்தான் வேலை செய்வார்.

ஒலுவில் சகோதரர் எழுப்பிய கருத்து மிக முக்கியமானது. அதற்கு ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன்.

---

வெல்லாவெளி விவசாயி

நான் வயல் செய்பவன். இந்த முயற்சி நல்லதா என்று தீர்மானிப்பதற்கு முன் ஒரு விடயத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

பெரும்போகத்தில் கடும் மழை பெய்து, நவகிரிப் பக்கத்து நீரும் வந்து சேர்ந்து வாவி நிரம்பினால், தாழ்ந்த வட்டைகளில் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அப்போது வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை வெட்டி நீரைக் கடலுக்கு விட வேண்டும் என்று நாங்கள் கேட்போம். அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் கடலோடு போய்விடும், உவர் ஏறிவிடும் என்று மீன்பிடிப்பவர்கள் சொல்வார்கள். இரு தரப்பாரும் அதிகாரிகள் முன் கூடிப் பேசித்தான் ஒரு முடிவுக்கு வருவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர் உங்கள் கட்டுரையை அச்சிட்டுக் கொண்டுவந்து, ‘பல்கலைக்கழகமே எழுதியிருக்கிறது, வெட்டக்கூடாது’ என்று மேசையில் வைத்தால் எங்கள் பயிரின் கதி என்ன? உவர்ப்பைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். மூழ்கிய பயிரின் பெறுமதியை நீங்கள் எழுதப் போவதில்லை, ஏனெனில் அது உங்கள் துறை அன்று. உங்களை எதிர்த்து இதை எழுதவில்லை. நீங்கள் எழுதுவதற்குப் பலம் இருக்கும் என்பதனாலேயே கேட்கிறேன்.

---

வாவிநீர்

ஐயா, இந்த இழையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி உங்களுடையது.

ஆற்றுவாயை எப்போது வெட்ட வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். அது அளவீட்டால் மட்டும் தீர்மானிக்கக்கூடிய விடயம் அன்று. வாழ்வாதாரங்களுக்கு இடையிலான நியாயம் அதில் அடங்கியிருக்கிறது. நான் எழுதக்கூடியது, ஆற்றுவாய் திறந்த பின் எந்த இடத்தில், எந்தத் திகதியில், எத்தனை நாள்களில் உவர்ப்பு எவ்வளவு ஏறியது என்பதைத்தான். கடல்நீரின் உவர்ப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம். முகத்துவாரத்துக்கு அண்மையில் அது விரைவாக ஏறுவதையும், மேற்பகுதிகளில் மெதுவாக மாறுவதையும் அளந்து காட்டலாம். இதில் ஒரு பகுதி மீனவர் தரப்புக்கும் இன்னொரு பகுதி விவசாயிகள் தரப்புக்கும் உதவும். எது எவருக்கு உதவும் என்று பார்த்து ஒன்றை வெளியிட்டு மற்றொன்றை மறைப்பதுதான் நடக்கக்கூடாதது.

மேலும், ஒவ்வொரு கட்டுரையிலும் நான் அளந்தது எது, அதில் இருந்து ஊகித்தது எது, எனக்கு எட்டாத விடயம் எது என்பவற்றை வெவ்வேறு பந்திகளில் எழுதப் போகிறேன். ஆற்றுவாய் பற்றிய கட்டுரையில் பயிர் இழப்பு இந்த அளவீட்டில் சேர்க்கப்படவில்லை என்ற வாக்கியம் தொடக்கத்திலேயே இருக்கும். கூட்டத்துக்கு எடுத்துச் செல்பவர் அந்த வாக்கியத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். முடியுமானால், வயல் பக்கத்தில் இருந்து அந்தக் கட்டுரையை வெளியீட்டுக்கு முன் வாசித்துக் கருத்துச் சொல்பவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

வெல்லாவெளி விவசாயி

வாசித்துச் சொல்கிறேன். பிழை கண்டால் பிழை என்றுதான் எழுதுவேன்.

---

காரைதீவு

மகள், நான் ஓய்வுபெற்ற அதிபர். தமிழில் எழுதுவதால் ஆய்வாளரின் தரம் குறைந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் 1892 ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராக இருந்தவர். ‘பிரபுத்த பாரத’ என்ற ஆங்கில இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று நடத்தியவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனவர். ஆங்கிலத்தில் எழுதத் தடையேதும் இல்லாத அவர், பழந்தமிழரின் இசைக்கருவிகளைப் பற்றிய தன் நீண்டகால ஆராய்ச்சியைத் தமிழிலேயே எழுதினார். அந்த நூல் 1947 இல், அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் அரங்கேறியது. சுருதிகளுக்கு இடையிலான விகிதங்களைக் கணித்துக் காட்டும் நூல் அது. கணக்கும் அறிவியலும் தமிழில் இயலும் என்று வாதாடிக்கொண்டிருக்காமல் எழுதிக் காட்டினார். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் அவருக்குத் தலையாய பங்கு உண்டு.

ஆகையால் நீங்கள் புதிதாக ஒரு வழியை வெட்டவில்லை. இந்தக் கரையில் முன்பே இருந்த வழி இடையில் தூர்ந்து போயிற்று, அவ்வளவுதான். உங்கள் ஆங்கிலக் கட்டுரைகளையும் நிறுத்தி விடாதீர்கள். வெளியுலகில் வாவிக்காகப் பேச அவையும் வேண்டும்.

---

எண்ணிமக் காப்பு

ஆவணப்படுத்தலில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், எழுதியது நிலைத்திருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மண்டூரைச் சேர்ந்த வி. சீ. கந்தையா அவர்கள் மட்டக்களப்பின் வாழ்வையும் வழக்காறுகளையும் பற்றி 1964 இல் வெளியிட்ட நூலை இன்றும் எடுத்து வாசிக்கலாம். இதற்கு மாறாக, இருபது வருடங்களுக்குள் இணையத்தில் எழுதப்பட்ட எத்தனையோ தமிழ்ப் பக்கங்கள் தடயமின்றிப் போய்விட்டன. இலவசமாக இடம் கொடுத்த நிறுவனங்கள் சேவையை நிறுத்தும்போது அங்கிருந்தவை எல்லாம் அழிகின்றன. 2009 இல் ஜியோசிற்றிஸ் மூடப்பட்டபோதும் 2019 இல் கூகுள் பிளஸ் மூடப்பட்டபோதும் நடந்தது இதுதான். பதிந்தவர் இறந்தபின் ஆள்களப் பெயருக்கான (இணையத்தள முகவரிக்கான) வருடாந்தக் கட்டணத்தைச் செலுத்த எவரும் இல்லாமல் மறைந்த தளங்களும் உண்டு.

ஆகவே முதல் நாளிலேயே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் பிடிஎஃப் வடிவிலும் சேமியுங்கள். 2005 இல் இருந்து ஈழத்து எழுத்துகளைச் சேகரித்துவரும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தைத் தொடர்புகொண்டு அங்கும் வைப்பிலிட முடியுமா என்று கேளுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் சேவையில் பக்கத்தின் முகவரியைப் பதிந்தால் அங்கும் ஒரு பிரதி தங்கும். மறுபிரசுரத்துக்கு முன்கூட்டியே அனுமதி வழங்கும் திறந்த உரிமம் ஒன்றைக் கட்டுரையின் கீழ் குறிப்பிடுங்கள். பாடசாலைச் சஞ்சிகையோ சங்கத் துண்டுப்பிரசுரமோ உங்களைத் தேடிவந்து அனுமதி கேட்கும் சிரமம் இல்லாமல் அச்சிடட்டும்.

முக்கியமான இன்னொன்று. உங்கள் பழைய தமிழ்க் குறிப்புகள், மாணவர் அறிக்கைகள் ஆகியன பாமினி எழுத்துருவில் இருக்கக்கூடும். இந்த மாவட்டத்தில் அலுவலகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அந்த எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். தேடுபொறிக்கும் அவை தமிழாகத் தெரியா. எதையும் ஏற்றுவதற்கு முன் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் கொம்புகளும் ‘ஸ்ரீ’ போன்ற எழுத்துகளும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒரு முறை கண்ணால் வாசித்துப் பாருங்கள். மாற்றிச் செயலிகள் அந்த இடங்களில்தான் பெரும்பாலும் தடுமாறுகின்றன.

---

ஒலுவில் வாசகர்

இன்னும் பேசப்படாத ஒன்றை நினைவூட்டுகிறேன்: வெளியிடப்படாத தரவுகளும் மாணவர்களின் உழைப்பும்.

இயற்பியலாளர்கள் சஞ்சிகைக்கு முந்திய பிரதிகளை 1991 இல் இருந்தே ஆர்க்கைவ் தளத்தில் பகிர்ந்து வருகிறார்கள். உயிரியலிலும் இப்போது அது வழக்கமாகிவிட்டது. ஆனாலும் எல்லாச் சஞ்சிகைகளும் ஒரே நிலைப்பாட்டில் இல்லை. ஆகவே, அனுப்ப உத்தேசித்துள்ள சஞ்சிகையின் விதியை வாசிக்காமல் புதிய தரவுகளை வெளியிட வேண்டாம். ஏற்கெனவே பிரசுரமான கட்டுரையின் கருத்தை உங்கள் சொந்தத் தமிழில் எழுதுவதில் சிக்கல் இல்லை. சஞ்சிகைக்கு உரிமை எழுதிக் கொடுத்த வரைபடங்களை மட்டும் அப்படியே எடுத்துப் போடாமல் புதிதாக வரையுங்கள்.

மாணவர்களைப் பொறுத்தவரை, இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வெயிலில் நின்று சேர்த்த அளவீட்டை அந்தப் பிள்ளையின் பெயர் இல்லாமல் எழுதக்கூடாது. பெயர் வெளிவருவதை அவர் விரும்புகிறாரா என்பதையும் கேட்க வேண்டும். சிலர் வேலை தேடும் காலத்தில் தங்கள் பெயர் ஒரு சர்ச்சையுடன் சேர்வதை விரும்ப மாட்டார்கள்.

---

பாலமீன்மடு

மெடம், நான் வாவியில் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் சங்கத்தின் கணக்கு, கடிதப் போக்குவரத்துகளைப் பார்த்து வருகிறேன். இந்த இழையை எங்கள் ஆள்கள் சிலருக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆய்வுக்கு வருபவர்கள் வினாக்கொத்துடன் வருவார்கள். எத்தனை வலை, என்ன வருமானம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார்கள். தொழிலுக்குப் போகும் நேரத்திலும் நாங்கள் நின்று பதில் சொல்வோம். பிறகு அவர்கள் திரும்பி வருவதில்லை. எங்கள் பதில்களில் இருந்து என்ன கண்டார்கள் என்று இன்று வரை எங்களில் எவருக்கும் தெரியாது. இதனால் புதிதாக வருபவர்களுக்கு இப்போது பலர் பாதிப் பதில்தான் சொல்கிறார்கள். நீங்கள் எழுதத் தொடங்கினால் இந்த நிலை மாறும். கேட்டவர் திரும்பி வந்து சொல்கிறார் என்று தெரிந்தால் சொல்பவரும் முழுமையாகச் சொல்வார்.

ஒலுவில் சேர் சொன்ன இட விபரம் பற்றி எங்கள் ஆள்கள் ஒருமுகமாகச் சொல்வது: நண்டு, இறால் கூடும் இடங்களின் பெயரை எழுத வேண்டாம். மீன் இறந்த இடத்தின் பெயரை எழுதுங்கள், ஆனால் இறந்த காரணம் தெரியும் வரை ‘உண்ணலாம்’ என்றோ ‘உண்ணக்கூடாது’ என்றோ எழுத வேண்டாம். அதைச் சுகாதார அதிகாரிகள் சொல்லட்டும். தங்கூசி வலையைப் பற்றி எழுதுங்கள். அதனால் குஞ்சு மீன் அழிவது எங்களுக்கும் தெரியும். ஊர்ப் பெயர் இல்லாமல் எழுதுங்கள்.

எங்களில் வயதானவர்கள் இணையத்தில் வாசிக்க மாட்டார்கள். கைபேசியில் வாசிப்பவர்களுக்கும் நீண்ட கட்டுரை கடினம். அதற்கும் ஒரு வழி வேண்டும்.

---

வாவிநீர்

எல்லோருக்கும் நன்றி. உங்கள் கருத்துகளின் பின் நான் எடுத்துள்ள முடிவுகளை இங்கே பதிகிறேன். பின்னர் இவற்றில் இருந்து நான் விலகினால் சுட்டிக்காட்டுவதற்கும் இது உதவும்.

தொடக்கத்தில், ஏற்கெனவே சஞ்சிகைகளில் வெளிவந்த ஆய்வுகளை மட்டுமே எழுதுவேன். புதிய தரவுகளைப் பொறுத்தவரை, மீன் இறப்பு போன்ற அவசர நிலைகளில் மட்டும் அளந்த எண்ணை அளந்த நேரத்துடனும் இடத்துடனும் உடனே வெளியிடுவேன். அதனால் ஒரு சஞ்சிகைக் கட்டுரை கைவிட்டுப் போனாலும் அதை ஏற்றுக்கொள்கிறேன், ஏனெனில் அந்த எண் பயன்படும் காலம் அந்த வாரம்தான். நண்டும் இறாலும் கூடும் இடங்கள் எந்தக் கட்டுரையிலும் இடம்பெறா. மீனவர் தரப்பில் ஒருவரும் வயல் தரப்பில் ஒருவரும் வாசித்த பின்னரே கட்டுரைகள் வெளிவரும். அவர்கள் உடன்படாத இடம் இருந்தால் அவர்களுடைய மறுப்பையும் அவர்கள் விரும்பினால் கட்டுரையின் கீழேயே பிரசுரிப்பேன். திருத்தம் செய்ய நேர்ந்தால் பழைய வாக்கியத்தை அழிக்காமல், திகதியிட்டு அதன் அருகில் திருத்தத்தை எழுதுவேன். மாணவர்களிடம் எழுத்தில் சம்மதம் பெறுவேன்.

அவசரக் குறிப்பு மட்டும் இருவர் வாசிக்கும் வரை காத்திருக்க முடியாது. அதனால் அதில் எண், நேரம், இடம் ஆகிய மூன்றையும் தவிர என் கருத்து எதுவும் இராது. விளக்கம் பின்னர் வழமையான முறையில் வரும்.

என் துறைத்தலைவருக்கும் தெரிவித்துவிட்டேன். பக்கத்தில் எழுதப்படுபவை என் தனிப்பட்ட பொறுப்பில் எழுதப்படுபவை, பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடு அல்ல என்ற அறிவிப்பு முகப்பில் இருக்கும். விவசாயி ஐயா சொன்ன ‘பல்கலைக்கழகமே எழுதியிருக்கிறது’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதிருக்க இதுவும் தேவை.

முதல் கட்டுரை, விடியற்காலையில் மீன்கள் ஏன் இறக்கின்றன என்பதைப் பற்றியது. இரண்டாவது ஆற்றுவாயும் உவர்ப்பும். முதலாவதை இந்த வார இறுதியில் வாசிப்புக்கு அனுப்புகிறேன். தம்பி பாலமீன்மடு, அச்சுப் பிரதி ஒன்றைத் தந்தால் சங்கத்தில் ஒட்ட முடியுமா?

---

பாலமீன்மடு

ஒட்டலாம் மெடம். மீன் நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும், அந்தப் போத்தல்களின் படத்தையும் நிறம் தெரியும்படி போடுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் பழுப்பு எது, வெளிறியது எது என்று தெரியாது. நிற அச்சுக்கான செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

---

படுவான்கரை ஆசிரியர்

அதே பிரதியில் ஒன்று எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்கும் வேண்டும், மிஸ். அடுத்த தவணையில் அந்த அலகு வருகிறது.